சரந்தீபை எழுதிய தீவு

போன நோன்பு காலத்தில் ஒரு நாள் அஸருக்குப் பின் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஒரு கல்தூண். அதன் உடம்பில் சதுரமாக வெட்டிய பள்ளத்துக்குள் தேய்ந்துபோன அரபு எழுத்துகள். படத்துக்குப் பின்னாலேயே அழைப்பும் வந்தது. திருக்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருவன், இருபது வருடங்களுக்கு முன் என்னிடம் ஏழாம் எட்டாம் வகுப்பில் சரித்திரம் படித்தவன். இப்போது இத்தாலிக்குச் சொந்தமான சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், வீடு துப்புரவாக்கும் வேலை செய்கிறான்.

“சேர், இது இங்க பெரிய கோயில் வாசல்ல கிடக்கிற தூண். கிறிஸ்தவக் கோயில். இது உங்கட எழுத்துத்தானே? என்னெண்டு எழுதிக் கிடக்கு?”

“பொறு மனே, பார்த்துச் சொல்றன்” என்றேன்.

பார்ப்பதற்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. பள்ளிவாசல் மௌலவியையும் கூட்டிவைத்துக்கொண்டுதான் வாசித்தேன். சூறா அல் அஃராபின் 54ஆம் வசனம். வானங்களும் பூமியும் படைக்கப்பட்டதையும், இரவு பகலை மூடுவதையும், சூரிய சந்திர நட்சத்திரங்கள் ஏவலுக்குக் கட்டுப்பட்டு ஓடுவதையும் சொல்லும் இடம். திருக்கோவில் பிள்ளைக்குப் பொருளைச் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப இது கோயிலாகிறத்துக்கு முன்னம் பள்ளிவாசலா சேர்?” என்று கேட்டான். கெட்டிக்காரன். அந்தக் காலத்திலும் அப்படித்தான்.

அவன் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சிசிலியை மிதித்தவனல்லன். சாகாமக் குளக்கட்டில் இருந்துகொண்டு மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய தீவைப் பற்றி எழுதுகிறேன். ஆனால் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. எண்ணூற்று எழுபது வருடங்களுக்கு முன் அதே பலெர்மோ நகரத்தில் இருந்த ஒருவர், நமது தீவை மிதிக்காமலே நமது தீவைப் பற்றி எழுதினார். நான் அவருக்குப் பட்ட கடனைத் தீர்க்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் அல் இத்ரீஸி. மொரோக்கோக் கரையிலுள்ள சப்தா நகரில் பிறந்தவர் என்பர். சிசிலியை ஆண்ட நோர்மானியக் கிறிஸ்தவ அரசன் இரண்டாம் ரொஜரின் அழைப்பில் பலெர்மோவுக்கு வந்து, சுமார் பதினைந்து வருடம் உழைத்து, உலகம் முழுவதையும் ஏழு மண்டலங்களாகவும் ஒவ்வொரு மண்டலத்தையும் பத்துத் துண்டுகளாகவும் பிரித்து, எழுபது படங்களோடு ஒரு பெரும் புவியியல் நூலை அரபியில் எழுதினார். அது முடிந்த வருடம் 1154. முடிந்த சில வாரங்களில் ரொஜர் இறந்துவிட்டான். உலகப் படத்தை வெள்ளித் தகட்டிலும் பொறித்துக் கொடுத்தார். அது பிந்திய அரண்மனைக் கலகமொன்றில் காணாமற்போனது. நூல் மட்டும் தப்பியது. அந்தப் படங்களில் தெற்கு மேலே இருக்கும். நம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் சேர் என்பார்கள்.

அந்த நூலில் சரந்தீப் வருகிறது. ஆதம் நபி இறங்கிய மலை, பாதச்சுவடு, மாணிக்கக் கற்கள், வாசனைத் திரவியங்கள் எல்லாம் வருகின்றன. இவை முன்பிருந்த அரபு நூல்களிலும் உள்ளவைதான். ஆனால் ஒரு செய்தி என்னை நிறுத்தியது. சரந்தீபின் அரசனுக்குப் பதினாறு அமைச்சர்கள். நால்வர் அவனுடைய சமயத்தார், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர் என்கிறார் இத்ரீஸி. பொலனறுவைக் காலத்து அரசவையில் இப்படியொரு சபை இருந்ததாக நமது வரலாற்றுச் சான்றுகள் எதுவும் சொல்வதில்லை. பத்தாம் நூற்றாண்டில் அபூ ஸைத் அஸ்ஸீராஃபி, சரந்தீபில் யூதரும் வேறு சமயத்தாரும் தத்தம் வழியில் நடக்க அரசன் விட்டிருக்கிறான் என்று எழுதியிருந்தார். அந்த விதை இத்ரீஸியின் கையில் நாலு நாலாக வளர்ந்துவிட்டது போலும். எனக்கென்னவோ, அவர் தன் சன்னலுக்கு வெளியே பார்த்ததை நமது தீவின்மேல் ஏற்றிவிட்டார் என்றுதான் தோன்றுகிறது. ஏனென்றால் லத்தீனும் கிரேக்கமும் அரபும் ஒரே கந்தோரில் எழுதப்பட்ட அரசவை பலெர்மோவில்தான் இருந்தது.

அங்கே அரபு எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 827இல் கைரவானின் காழியும் மாலிகி சட்ட அறிஞருமான அசத் இப்னுல் ஃபுராத், முதிய வயதில், துனீசியக் கரையிலிருந்து படையோடு போய் மஸாரா என்ற இடத்தில் இறங்கினார். மறு வருடமே சிராகூஸ் முற்றுகையில் இறந்தார். 831இல் பலெர்மோ வீழ்ந்தது. தீவு முழுவதும் கைக்கு வர நூறு வருடத்துக்கும் மேலாயிற்று. பிறகு முஸ்லிம் சிற்றரசர்கள் தமக்குள் அடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரே நோர்மானியரைத் துணைக்குக் கூப்பிட்டார். 1061இல் மெஸ்ஸீனா, 1072இல் பலெர்மோ, 1091இல் நோத்தோ. இரண்டரை நூற்றாண்டு ஆட்சி முடிந்தது. ஆனால் மக்கள் போகவில்லை. ஆட்சி போன பிறகும் நூற்றைம்பது வருடம் அங்கே பாங்கு ஒலித்தது. பார்க்கப் போகிறவர் தேட வேண்டியது இந்த நூற்றைம்பது வருடத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

போகிறவருக்கு: ஷெங்கன் விசா வேண்டும், கொழும்பில் விண்ணப்பிக்கலாம். இத்தாலியில் வேலை செய்யும் சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கிருந்து உள்நாட்டு விமானம் எடுக்கலாம். ஆனால் நேரம் இருந்தால் ரோமிலிருந்து ரயிலில் போங்கள். மெஸ்ஸீனா நீரிணையில் ரயில் பெட்டிகளைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலுக்குள் ஏற்றிவிடுவார்கள். மிகவும் ஒடுங்கிய இடத்தில் மூன்று கிலோமீற்றர் கடல்தான். ஒரு காலத்தில் நம்மவர்கள் தலைமன்னாரில் ரயிலால் இறங்கிக் கப்பலேறினார்கள். அங்கே ரயிலே கப்பலேறுகிறது. ஆடி ஆவணி மாதங்களில் வெயில் கொளுத்தும். சித்திரை வைகாசியோ புரட்டாசி ஐப்பசியோ நல்லது. மத்தியானத்தில் சிறிய கடைகள் பூட்டிக் கிடக்கும். தேவாலயங்களுக்குள் போக ஆண் பெண் இருபாலாரும் தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிருக்க வேண்டும். இதில் நமக்குச் சிரமமில்லை. ஞாயிறு காலையில் பூசை நடக்கும். அந்த நேரத்தைத் தவிர்க்கவும். சாப்பாட்டில் பன்றி எதிலும் ஒளிந்திருக்கும். அரன்சீனா என்று சோற்று உருண்டை பொரித்து விற்பார்கள், உள்ளே என்ன இறைச்சி என்று கேட்காமல் வாங்காதீர்கள். கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சித் துண்டுபோட்டுப் பொரிக்கும் பனெல்லே என்ற தெருப் பண்டம் உண்டு. பாணுக்குள் வைத்துத் தருவார்களாம். மேற்கே திராபானியில் மீன்குழம்போடு கூஸ்கூஸ் கிடைக்கும்.

பலெர்மோவில் நடந்தே பார்க்கலாம். நகரத்தின் பிரதான வீதியைப் பழையவர்கள் கஸாரோ என்பார்கள். அது அல்கஸ்ர், கோட்டை. கடலோரப் பகுதி கல்ஸா. அது அல்காலிஸா, பாத்திமிய ஆளுநர் கட்டிய பகுதி. மேல்முனையில் அரண்மனை. அதற்குள்ளே ரொஜர் கட்டிய அரச தேவாலயம்; சுவர் முழுக்க கிரேக்கக் கைவேலையான பொன்வண்ணப் பதிகற்கள்; தலையை நிமிர்த்தினால் மரத்தாலான முகர்னஸ் கூரை, தேன்கூடு தலைகீழாகத் தொங்குவது போல. அதில் யாழ் வாசிப்பவர்களும் சதுரங்கம் ஆடுபவர்களும் யானை ஒட்டகங்களும் வரையப்பட்டிருக்க, ஓரங்களில் கூஃபி எழுத்தில் அரபு வாழ்த்துகள். வரைந்தவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள். இரண்டாம் ரொஜரின் சிவப்புப் பட்டு மேலங்கியின் கரையிலும் அரபுதான். ஹிஜ்ரி 528 என்று வருடமும் தைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்க மட்டும் வியன்னாவுக்குப் போக வேண்டும். 2015இல் யுனெஸ்கோ இந்த அரண்மனை, பெரிய தேவாலயம், மொன்ரியாலே, செஃபலு உட்பட ஒன்பது இடங்களை அரபு நோர்மானிய மரபுச் சின்னங்களாக அறிவித்தது.

இதற்கு நூற்றைம்பது வருடம் முந்திய பலெர்மோவைப் பார்க்க வேண்டுமானால் இப்னு ஹவ்கலிடம் போக வேண்டும். 973 அளவில் அங்கு போன வியாபாரி, பயணி. முந்நூறுக்கு மேற்பட்ட பள்ளிவாசல்கள் இருந்தன என்று அவர் எழுதியது எல்லா நூல்களிலும் மேற்கோளாகிறது. அதே கையோடு அவர் எழுதிய இன்னொன்றை நம்மவர்கள் சொல்வதில்லை. ஊரில் முந்நூறு அளவில் பள்ளிக்கூட வாத்திமார் இருக்கிறார்கள், படைக்குப் போகாமல் தப்புவதற்காகவே வாத்திமாரானவர்கள், இவர்களைவிட மூடர்கள் இல்லை என்று திட்டித் தீர்த்திருக்கிறார். ஊராரின் புத்தி மழுங்கியதற்குக் காரணம் பச்சை வெங்காயம் தின்பதுதானாம். இருபது வருடத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவன் என்ற முறையில் இதை நான் மறைக்கலாம். மறைக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் சம்பலுக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். “அந்த மனிசன் சும்மா சொல்லியிருக்க மாட்டார்” என்றாள்.

இப்னு ஹவ்கல் பார்த்தது ஆளும் சமூகம். ஆட்சியிழந்த சமூகத்தைப் பார்த்தவர் இப்னு ஜுபைர். அந்தலூஸைச் சேர்ந்தவர். கிரனாதாவின் ஆளுநர் வற்புறுத்தி மதுவருந்த வைத்ததற்குப் பரிகாரமாக 1183இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். திரும்பும் வழியில், 1184 டிசம்பரில், நோன்பின் முதல் நாட்களில், மெஸ்ஸீனாவுக்கு முன்னால் இரவில் கப்பல் உடைந்தது. கரையிலிருந்து வந்த படகுக்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று பேரம் பேசினார்கள். கையில் காசில்லாத ஏழை முஸ்லிம்கள் மூழ்கும் கப்பலிலேயே நின்றார்கள். அப்போது மெஸ்ஸீனாவுக்கு வந்திருந்த அரசன் இரண்டாம் வில்லியம் இதைக் கேட்டு, தன் பணத்தைக் கொடுத்து அவர்களை இறக்குவித்தான். (அதே மெஸ்ஸீனாவை 1908 டிசம்பர் 28இல் பூகம்பமும் பின்னால் வந்த கடலும் கொண்டுபோயின. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட நம் கரையார் அந்த ஊரில் பழைய கட்டடங்களைத் தேடி ஏமாற வேண்டாம்.)

வில்லியம் அரபு வாசிக்கத் தெரிந்தவன். அவனுடைய முத்திரைத் தொடரே அரபியில் இறைவனைப் புகழ்வது. அரண்மனையில் பணிப்பெண்களும் ஏவலரும் பெரும்பாலும் மறைவில் முஸ்லிம்கள். முன்பு ஒருமுறை நிலம் நடுங்கியபோது அரண்மனை முழுக்க அல்லாஹ்வையும் ரசூலையும் அழைக்கும் குரல் கேட்டதாம். அரசனைக் கண்டதும் அவர்கள் அஞ்சி நிற்க, அவரவர் தாம் வணங்குவதை அழையுங்கள் என்றானாம் அவன். பலெர்மோவில் நத்தார் நாளன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டு, மருதாணி பூசி, பொன்னிழைப் பட்டுடுத்தித் தேவாலயம் போனதை இப்னு ஜுபைர் கண்டார். அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது, மார்த்தொரானா என்பார்கள். பக்கத்தில் மூன்று சிவப்புக் குவிமாடங்களோடு சான் கத்தால்தோ. திராபானியில் நோன்புப் பெருநாள். முஸ்லிம்கள் தம் அதிகாரியோடு மேளமும் ஊதுகொம்புமாகத் தொழுகைத் திடலுக்குப் போய்வந்தார்கள். கிறிஸ்தவர்கள் அதைப் பொறுத்துக்கொண்டது அவருக்கு வியப்பாக இருந்தது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது ஓர் இனிய பயணக் கதை. ஆனால் அவர் திராபானியில் கண்ட இன்னொன்றையும் எழுதினார். ஊரில் மதிப்பான முஸ்லிம் ஒருவர், ஹாஜிமார் தங்கியிருந்த இடத்துக்குத் தன் மகனை அனுப்பினார். பருவமடையும் வயதில் தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஹாஜிமாரில் ஒருவர் அவளை ஏற்று, தாமே மணந்துகொண்டாலும் சரி, தம் ஊரில் தகுந்தவருக்கு மணம் செய்து கொடுத்தாலும் சரி, இந்தத் தீவைவிட்டுக் கூட்டிப் போனால் போதும் என்று கேட்டார். சீதனம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. மகளிடமே அபிப்பிராயம் கேட்டபோது அவளும் போகவே விரும்பினாளாம். தாயில்லாத பிள்ளை. வாப்பாவையும் கூடப்பிறந்தவர்களையும் இனிக் காண மாட்டோம் என்று தெரிந்துகொண்டே கப்பலேறினாள். காரணத்தையும் இப்னு ஜுபைர் சொல்கிறார். வீட்டில் ஒரு சின்னச் சண்டை வந்தாலும் கோபித்த மகனோ மனைவியோ தேவாலயத்துக்குள் ஓடிவிடலாம்; ஓடினால் பிறகு திரும்ப வழியில்லை. எல்லா உபகாரங்களுக்கும் நடுவில் ஒவ்வொரு வீட்டிலும் இந்தப் பயம் இருந்தது.

நான் இந்த இடத்தைப் பத்தாம் வகுப்பில் ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை “அவக்கு என்ன பேர் சேர்?” என்று கேட்டாள். பெயரை அவர் எழுதவில்லை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1189இல் வில்லியம் வாரிசில்லாமல் இறந்தான். பலெர்மோவில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்கள் மேற்கு மலைகளுக்கு ஏறினார்கள். 1220களில் இரண்டாம் பிரெடெரிக், அரபு அறிந்தவன், 1229இல் ஸுல்தான் அல்காமிலோடு பேசியே ஜெரூஸலத்தைப் பெற்றவன், அந்த மலைகளில் எஞ்சியிருந்தவர்களை ஆயிரக்கணக்கில் பிடித்து, கடலுக்கு அப்பால் இத்தாலியப் பெருநிலத்து லூசேராவில் குடியேற்றினான். 1300இல் லூசேராவும் கலைக்கப்பட்டு மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில் தேவாலயம் எழுந்தது. 1492இல் ஸ்பானிய அரசின் கட்டளை சிசிலியின் யூதரையும் வெளியேற்றியது. அந்தப் பிரெடெரிக்கின் சிவப்புக் கல் சமாதி, வாசலில் அல் அஃராப் தூண் நிற்கும் அதே தேவாலயத்துக்குள்தான் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியால அவகாசம் கொடுக்கப்பட்டது. நமது கரையிலும் 1985இலும் 1990இலும் தமிழர் முஸ்லிம்களிடமிருந்தும் முஸ்லிம்கள் தமிழரிடமிருந்தும் ஓடினார்கள். தொலைபேசியில் பேசிய பிள்ளையின் குடும்பமும் ஓடியது. எங்கள் குடும்பமும் ஓடியது. அதனால்தான் லூசேராக் கதையை அவனுக்குச் சொல்லும்போது இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆள் போன பிறகு என்ன மிஞ்சும்? சிசிலியில் மிஞ்சியது தண்ணீர். பலெர்மோவின் அடியில் பாறையைக் குடைந்து மலை நீரைக் கொண்டுவரும் கனாத் எனும் பாதாள வாய்க்கால்கள் உண்டு. சிலவற்றில் வழிகாட்டியோடு இறங்கலாம். எலுமிச்சை, நாரத்தை, கரும்பு, பருத்தி எல்லாம் அரபிகளோடு போனவை. தோட்டத்து நீர்த்தொட்டியைச் சிசிலிக் கமக்காரன் ஜெப்பியா என்கிறான். அது அரபியில் ஜாபியா. வாய்க்காலை ஸாயா என்கிறான், அது ஸாகியா. கலிமா சொல்லத் தெரியாதவன் வாயில் மண்வெட்டி பிடிக்கும்போது அரபு வருகிறது. வட்டைக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் துருசடியில் நின்று சண்டை பிடித்துப் பழகிய எனக்கு, தேவாலயக் கூரையைவிட இந்த இரண்டு சொற்களும் பெரிதாகப் பட்டன. ஊர்ப் பெயர்களும் அப்படியே: கல்தா என்று தொடங்குவன கல்அத், கோட்டை; மிஸில்மேரி என்பது மன்ஸில் அல் அமீர். எத்னா எரிமலைக்கு ஊரார் வைத்த மொன்ஜிபெல்லோவில் மலை என்ற சொல் இரண்டு முறை வருகிறது. ஒன்று லத்தீன், மற்றது ஜபல்.

கட்டாயம் பார்க்கச் சொல்வது ஸீஸா மாளிகை. அல் அஸீஸா என்பதன் திரிபு. வில்லியமின் தந்தை தொடங்கியது. நீரோடை வீட்டுக்குள்ளேயே ஓடிக் கூடத்தைக் குளிர்விக்கும்படி கட்டியது. இப்போது நூதனசாலை. அங்கே ஒரு சிறிய சலவைக்கல் இருக்கிறது. அரச குருவான கிரிஸாந்துஸ் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு 1149இல் வைத்த நினைவுக்கல். லத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகள். ஆனால் நான்கு எழுத்துகள். நான்காவது, அரபு மொழியை ஹீப்ரு எழுத்தில் எழுதியது. அவள் இறந்த வருடம் நான்கு கணக்கிலும் தரப்பட்டிருக்கிறது. ஹிஜ்ரிக் கணக்கும் ஒன்று. கொழும்பு நூதனசாலையில் காலியிலிருந்து வந்த கல்லொன்று நிற்பது நினைவிருக்கும். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் காலத்தது, 1409ஆம் வருடம் பொறித்தது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை. அது அரசனின் கல். யாரை எப்படித் திருப்திப்படுத்துவது என்ற கணக்கு அதில் உண்டு. பலெர்மோக் கல் ஒரு மகன் தாய்க்கு வைத்தது. ஒரு மொழியை இன்னொருவர் எழுத்தில் எழுதுவது நமக்குப் புதிதல்ல. எங்கள் மூத்தம்மா வைத்திருந்த தாலீம் புத்தகம் அரபுத்தமிழ்தான். அரபு எழுத்தில் தமிழ். அவவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது.

பழைய யூதர் தெருக்களில் இப்போது பெயர்ப்பலகை இத்தாலியம், ஹீப்ரு, அரபு மூன்றிலும் உண்டு. தேவாலயத்துக்குக் கிட்டவே, முன்பு கோயிலாக இருந்த ஒரு கட்டடத்தில் துனீசியர் பராமரிக்கும் பள்ளிவாசல் இருக்கிறது, ஜும்ஆவுக்குப் போகலாம். வழி தெரியாவிட்டால் தமிழிலேயே கேட்கலாம். 1980களில் இருந்து இலங்கைத் தமிழர் ஆயிரக்கணக்கில் பலெர்மோவில் இருக்கிறார்கள். நகரின் காவற்புனிதை சாந்தா ரொஸாலியாவின் குகைக் கோயிலுக்கு, பெல்லெக்ரீனோ மலைமேல், கத்தோலிக்கரோடு சைவத் தமிழரும் வாராவாரம் நடந்து ஏறுகிறார்கள். 1624இன் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்பது சிசிலியர் நம்பிக்கை. நம் பிள்ளைக்கும் அங்கே ஒரு நேர்த்தி இருந்ததாம்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஸீஸாவுக்குப் போனான். பெருநாளுக்கு முதல்நாள் அன்னாவின் கல்லைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டு ஒரு பக்கம் தெரியவில்லை. “அரபைக் கண்டுபிடிச்சிட்டன் சேர்” என்றான். “மற்றதுகள் எது எதெண்டு நீங்க சொல்லுங்க.”